தேர்ந்தெடுத்தது யார்?

ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்புகளில் ஒரு கேள்விக்கு எப்போதும் ஒரே பதில்தான் கிடைக்கிறது. அந்தப் பதிலை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடிந்ததில்லை. கேட்பவர் பெரும்பாலும் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார். தீவிர அறிவுசார் குறைபாடு உள்ள மாணவர் ஒருவர் அவர் வகுப்பில் இருப்பார். அண்மையில் நான் கலந்துகொண்ட கூட்டத்தில் ஓர் ஆசிரியை இப்படிக் கேட்டார்: “அவன் பேசுவதில்லை. கையைப் பிடித்துச் செய்ய வைத்தால்தான் எதையும் செய்வான். நான் அவனுக்குக் கற்பிக்கிறேனா, இல்லை கற்பிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறேனா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?” மேடையிலிருந்தவர் மிகுந்த கனிவோடு பதில் சொன்னார். இந்தப் பணிக்கு முதலில் வேண்டியது அன்பு, அடுத்தது பொறுமை, அவை இருந்தால் மற்றவை தாமாக வரும் என்றார். அரங்கம் கைதட்டியது. கேள்வி கேட்டவர் தன் குறிப்பேட்டை மூடி வைத்துக்கொண்டார்.

பின்னம் புரிந்ததா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது எனக் கேட்கும் கணக்கு ஆசிரியரிடம் யாரும் அன்பைப் பற்றிப் பேசுவதில்லை. அவருக்கு ஒரு வினாத்தாளோ, ஒரு செய்முறையோ, குறைந்தபட்சம் ஒரு நல்ல புத்தகமோ காட்டப்படும். இந்தக் குழந்தைகளின் விஷயத்தில் மட்டும் ஒரு தொழில்முறைக் கேள்வி, மனத்தளர்ச்சியின் வெளிப்பாடாகக் கேட்கப்பட்டு, ஆறுதல் சொல்லி அனுப்பப்படுகிறது. “உங்களுக்கு எவ்வளவு பொறுமை!” என்ற பாராட்டும் இதே வகையைச் சேர்ந்ததுதான். சொல்பவர் மனமாரச் சொல்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் பாராட்டுக்குள் இந்தக் குழந்தை கற்றுக்கொள்ளப் போவதில்லை, ஆகவே அருகில் நல்ல மனிதர் ஒருவர் இருந்தால் போதும் என்ற தீர்ப்பும் ஒளிந்திருக்கிறது. பள்ளிகளுக்குச் சென்று இத்தகைய மாணவர்களின் ஆசிரியர்களோடு வேலை செய்யும் சிறப்பாசிரியர் என்ற முறையில், அந்த ஆசிரியையின் கேள்விதான் இந்தத் துறையிலேயே மிக நேர்மையான கேள்வி என்று நினைக்கிறேன்.

பயங்கள் எல்லாம் ஒரே வகை அல்ல

ஆசிரியர்களின் கவலைகளை மொத்தமாக ஒரு மூட்டையாகக் கட்டி, ‘மனப்பான்மைச் சிக்கல்’ என்று பெயர் எழுதி ஒதுக்கி வைப்பது நிர்வாகங்களுக்கு வசதியாக இருக்கிறது. ஸ்க்ரக்ஸ், மாஸ்ட்ரோபியரி என்ற இரு ஆய்வாளர்கள் 1958 முதல் 1995 வரை நடந்த கருத்தாய்வுகளைத் தொகுத்து 1996இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியர்கள், குறைபாடுள்ள குழந்தைகளும் மற்றவர்களோடு ஒரே வகுப்பில் படிக்க வேண்டும் என்னும் உள்ளடக்கிய கல்வி என்ற கொள்கையை ஆதரித்தார்கள். அதற்கு வேண்டிய நேரமும் பயிற்சியும் வசதிகளும் தங்களிடம் இருப்பதாகச் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். இந்த இரு எண்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை மனப்பான்மை என்று சொல்ல முடியாது. உள்ளடக்கிய பள்ளிகளை வலியுறுத்திய 1994இன் சலமன்கா அறிக்கையும், 2006இன் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆவது பிரிவும் குழந்தையைப் பள்ளிக்கு உள்ளே கொண்டுவருவதற்கான வலுவான நியாயங்களைத் தந்தன. உள்ளே வந்த குழந்தைக்குத் திங்கட்கிழமை காலை முதல் பாடவேளையில் என்ன செய்வது என்பது ஆசிரியரிடம் விடப்பட்டது.

அந்தக் கவலைகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை உண்டு. வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று பயப்படும் ஆசிரியருக்கு ஒரு பிற்பகல் பயிற்சியும் சுவரில் ஒட்டிய ஒரு தாளும் பெருமளவு போதும். நேரத்தைப் பார்க்க வேண்டும், ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, 5 நிமிடத்தைத் தாண்டினால் அவசர மருத்துவ உதவியை அழைக்க வேண்டும். உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடுமோ என்ற அச்சத்துக்கு, அந்தக் குழந்தையை எப்படி உட்கார வைத்து, எந்தப் பதத்தில் ஊட்ட வேண்டும் என்பதை நேரில் செய்துகாட்டும் பேச்சு, விழுங்குதல் சிகிச்சையாளர் ஒருவர் தேவை. வளர்ந்துவிட்ட மாணவரைச் சக்கர நாற்காலியிலிருந்து தூக்குவதற்கு இரண்டாவது ஆளோ தூக்கும் கருவியோ தேவை; ஆசிரியரின் இடுப்பு எலும்புக்கு அன்பு மாற்றாகாது. டயப்பர் மாற்ற மறைவான இடம் வேண்டும். மற்ற மாணவர்களுக்கான நேரம் குறைகிறதே என்ற கவலைக்கு உதவியாளர் வேண்டும். இவையெல்லாம் பணமும் ஆளும் சேர்ந்தால் தீரக்கூடியவை. தீர்க்காமல் வைத்திருப்பவர்களுக்குத்தான் மனப்பான்மைப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று எனக்கு அவ்வப்போது தோன்றுவதுண்டு.

ஆனால் இவை அத்தனையும் தீர்ந்த ஒரு வகுப்பறையிலும் அந்த ஆசிரியையின் கேள்வி அப்படியேதான் நிற்கும். கேட்டால் பதில் சொல்லாத, சுட்டிக் காட்டாத, எழுதாத, பல சமயம் நம்மைப் பார்க்கவும் செய்யாத ஒரு குழந்தையின் மனத்தில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது என்பதற்கு என்ன அடையாளம்? வழக்கமான சோதனைகள் இங்கே கைவிட்டுவிடுகின்றன. பரவலாகப் பயன்படும் வெக்ஸ்லர் நுண்ணறிவுச் சோதனையில் மிகக் குறைந்த மொத்த மதிப்பெண் 40. தீவிரக் குறைபாடு என்று நாம் சொல்லும் நிலை அந்த அளவுகோல் முடியும் இடத்தில்தான் தொடங்குகிறது. அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட வகைப்பாட்டில், குறைபாட்டின் தீவிரத்தை நுண்ணறிவு எண்ணைக் கொண்டு நிர்ணயிக்காமல் அன்றாட வாழ்வில் எவ்வளவு துணை தேவைப்படுகிறது என்பதைக் கொண்டு நிர்ணயிக்க முடிவு செய்ததற்கு இதுவும் தொடர்புடையதுதான். எண் போய்விட்டது, அதன் இடத்தில் கவனித்துப் பார்க்கும் ஒரு மனிதரின் தீர்ப்பு வந்து உட்கார்ந்தது. அந்த மனிதரை யார் சரிபார்ப்பது?

வலது பக்கம்

இந்தக் கேள்வி எனக்குள் உறுத்தலாக மாறியதற்கு ஒரு வகுப்பறையும், அங்கே பணியாற்றிய ஒரு சிறப்பாசிரியையும் காரணம். அவரிடம் பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். பேச்சு இல்லை; இடது கையில் அசைவு குறைவு; கழுத்து பெரும்பாலும் ஒரு பக்கமாகவே சாய்ந்திருக்கும். அவளுடைய தனிநபர் கல்வித் திட்டத்தில், ‘இரண்டு பொருள்களைக் காட்டினால் தனக்கு விருப்பமானதைத் தேர்ந்தெடுப்பாள்’ என்பது முதன்மையான இலக்கு. மணி கோத்த வளையம் ஒன்று, மினுக்கும் சிறு விளக்கு ஒன்று. உதவியாளர் இரண்டையும் மேசைமேல் வைத்து, “எது வேண்டும்?” என்று கேட்பார். சிறுமியின் கை மெல்ல நகர்ந்து வளையத்தைத் தொடும். ஒவ்வொரு நாளும் அது பதிவானது. பதிவேட்டின் அந்தப் பக்கங்கள் பார்க்க அழகாக இருந்தன. ஆண்டு இறுதி மதிப்பாய்வுக்கு முன்பே, ‘இலக்கு எட்டப்பட்டது’ என்று எழுதும் அளவுக்கு எண்கள் சேர்ந்துவிட்டன. மணியோசையை விரும்பும் பெண் என்று பள்ளி முழுவதும் அவளைப் பற்றி ஒரு பேச்சும் உருவாகியிருந்தது.

ஒரு நாள் உதவியாளர் வரவில்லை. ஆசிரியையே பொருள்களை எடுத்து வைத்தார். வைத்தபின்தான், தாம் அவற்றை வழக்கத்துக்கு மாறாக வைத்துவிட்டதை உணர்ந்திருக்கிறார். உதவியாளர் வலது கைப் பழக்கத்தால் எப்போதும் வளையத்தைச் சிறுமியின் வலப்புறத்தில் வைப்பவர். இன்று அங்கே விளக்கு இருந்தது. சிறுமியின் கை வழக்கம்போல நகர்ந்து வலப்புறம் இருந்த விளக்கைத் தொட்டது. ஆசிரியை மாற்றி வைத்தார். கை வலப்புறம் போனது. வலப்புறத்தில் ஒரு வெற்றுக் காகிதத்தை வைத்தார்; கை அந்தக் காகிதத்தைத் தொட்டது. அன்று நான் அந்த வகுப்பில் பின்னால் அமர்ந்து வேறு ஒரு மாணவனைப் பற்றிக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் பேசாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பதிவேட்டை எடுத்து, அன்றைய கட்டத்தில் வழக்கமான குறியைப் போடாமல், வைத்த இடத்தையும் தொட்ட இடத்தையும் மட்டும் படமாக வரைந்தார்.

அதற்குப் பின் நடந்ததுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. குழுக் கூட்டத்தில் அவர் இதைச் சொன்னபோது, அறையில் இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. தவறாக ஒருவரும் பேசவில்லை. “அன்றைக்கு அவளுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கும்” என்றார் ஒருவர். “காகிதத்தின் சத்தம் பிடித்திருக்கலாமே” என்றார் இன்னொருவர். மதிப்பாய்வு நெருங்கும் நேரத்தில் இதைப் பெரிதாக்க வேண்டாம், அந்த அம்மாவுக்கு இருக்கும் ஒரே சந்தோஷம் அதுதான் என்றார் மூன்றாமவர். அந்த மூன்றாவது வாதம் உண்மையிலேயே கனமானது. பதில் சொல்ல எனக்கும் உடனே வாய் வரவில்லை. ஆசிரியை மட்டும், “அவளுக்கு எது பிடிக்கும் என்று நமக்குத் தெரியாது என்பதை நாம் எழுதி வைக்காவிட்டால், யாரும் இனிமேல் அதைத் தேடமாட்டார்கள்” என்றார்.

சிறுமியின் தாயிடம் அவரே சொன்னார். நானும் உடன் இருந்தேன். எத்தனையோ சுற்றி வளைத்து, மன்னிப்புக் கேட்கும் குரலில் அவர் விளக்கி முடித்ததும் அந்த அம்மா, “எனக்குத் தெரியும் டீச்சர். வலது பக்கம் எதை வைத்தாலும் எடுப்பாள். நீங்கள் எல்லோரும் அவ்வளவு சந்தோஷப்பட்டீர்கள், அதனால்தான் நான் ஒன்றும் சொல்லவில்லை” என்றார்.

அவர் மனம் நோகக் கூடாது என்று பள்ளியும், பள்ளியின் மனம் நோகக் கூடாது என்று அவரும், இரு தரப்பும் மாறி மாறிக் காத்துவந்த ஒரு மரியாதைக்கு நடுவில் அந்தச் சிறுமி இருந்திருக்கிறாள். தாய்க்குத் தெரிந்ததைக் கேட்பதற்கு எங்கள் படிவங்களில் இடமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ‘பெற்றோர் ஒப்புதல்’ என்று ஒரு கோடு இருக்கும். பெற்றோர் ஏற்கெனவே கவனித்தவை என்ன என்று கேட்கும் வரி இருக்காது.

இரு புறமும் பள்ளம்

இந்தச் சம்பவத்தைக் கேட்பவர்களில் சிலர், “அப்படியானால் அவளால் எதுவும் முடியாது என்கிறீர்களா?” என்று கோபப்படுகிறார்கள். அந்தக் கோபத்துக்கு வரலாற்று நியாயம் உண்டு. இங்கிலாந்திலும் வேல்சிலும் இத்தகைய குழந்தைகள் 1971 வரை கல்வித் துறையின் பொறுப்பிலேயே இல்லை. சுகாதாரத் துறையின் பயிற்சி மையங்களில் இருந்தார்கள். 1970இல் இயற்றப்பட்ட சட்டம்தான் அவர்களைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி என்று சொன்ன பிறகும், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ரோசெஸ்டர் பள்ளி மாவட்டம், மிகத் தீவிரக் குறைபாடுகள் கொண்ட ஒரு சிறுவனுக்குக் கல்வியால் பயன் ஏற்படாது, ஆகவே தங்களுக்குக் கடமை இல்லை என்று வாதிட்டது; கீழ் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொள்ளவும் செய்தது. 1989இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. பயனடைவான் என்று நிரூபித்துக் காட்டிய பிறகுதான் உள்ளே விடுவோம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். ‘இவளால் முடியாது’ என்று எழுதும் ஒவ்வொரு கையும் இந்தப் பழைய கதையை நினைவில் கொள்ள வேண்டும்.

ஆனால் மறுபுறமும் ஒரு பள்ளம் இருக்கிறது. அதைப் பற்றி நல்லவர்கள் பேசுவதில்லை. 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் பரவிய ஒரு முறையில், பேச முடியாதவரின் கையையோ மணிக்கட்டையோ உதவியாளர் ஒருவர் தாங்கிப் பிடிக்க, அவர் விசைப்பலகையில் எழுத்துகளைத் தட்டுவார். அதுவரை ஒரு சொல்லும் பேசாதவர்கள் கவிதை எழுதினார்கள். உயர்நிலைப் பாடங்களைப் படித்தார்கள். பெற்றோரிடம் அன்பைச் சொன்னார்கள். பிறகு மிக எளிய ஒரு சோதனை நடந்தது. கைபிடிப்பவருக்கு ஒரு படத்தையும் மாணவருக்கு வேறொரு படத்தையும் காட்டிவிட்டு, பார்த்ததன் பெயரைத் தட்டச் சொன்னார்கள். கைபிடித்தவர் பார்த்த படத்தின் பெயரே வந்தது. அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர் என்பதுதான் இதில் மிகவும் கொடுமை. தங்கள் கைதான் எழுதுகிறது என்பதை உணராமல், முழு நம்பிக்கையோடு அவர்கள் உழைத்தார்கள். அமெரிக்க உளவியல் சங்கம் 1994இலேயே இந்த முறையை ஏற்க மறுத்துத் தீர்மானம் போட்டது. வெவ்வேறு பெயர்களில் அது இன்றும் தலைகாட்டுகிறது.

முதல் பள்ளத்தில் விழும்போது குழந்தையின் குரலை நாம் கேட்க மறுக்கிறோம். இரண்டாவதில் நம் குரலை அவள் வாயில் வைத்துவிட்டு, பேசிவிட்டாள் என்று மகிழ்கிறோம். இரண்டின் விளைவும் ஏறக்குறைய ஒன்றுதான். அவள் என்ன சொல்கிறாள் என்று அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்துபோன முதல் ஆசிரியர்களில் ஒருவர் ழான் இத்தார் என்ற பிரெஞ்சு மருத்துவர். 1800இல் அவேரோன் காட்டுப் பகுதியிலிருந்து பிடிபட்ட, பேச்சறியாத சிறுவனைப் பினெல் போன்ற பெரிய மருத்துவர்கள் தேற வழியில்லாதவன் என்று முடிவுகட்டிய பிறகு, இத்தார் அவனுக்கு விக்தோர் என்று பெயரிட்டுக் கற்பிக்கத் தொடங்கினார். பால் வேண்டும்போது பாலைக் குறிக்கும் ‘lait’ என்ற பிரெஞ்சுச் சொல்லை அவன் சொல்ல வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஒரு நாள் அவன் சொல்லிவிட்டான். வேறு யாராக இருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பார்கள். இத்தார் 1801இல் எழுதிய அறிக்கையில், பால் கைக்கு வந்த பிறகுதான் அவன் அந்தச் சொல்லைச் சொல்கிறான், ஆகவே அது பால் வேண்டும் என்று கேட்பது அன்று, மகிழ்ச்சியில் எழும் ஒலி மட்டுமே என்று ஏமாற்றத்தை மறைக்காமல் பதிவு செய்தார். அந்தக் கண்டிப்பால்தான் அடுத்து நடந்ததை நம்மால் நம்ப முடிகிறது. உலோக எழுத்துகளை வரிசையாக அடுக்கி அதே சொல்லை அமைக்க விக்தோர் பிறகு கற்றுக்கொண்டான். சில நாள்கள் கழித்து, வழக்கமாகப் பால் தரும் வீட்டுக்குப் புறப்படும்போது அந்த நான்கு எழுத்துகளையும் தானே எடுத்துச் சென்று, அங்கே மேசைமேல் அடுக்கி வைத்தான். பால் வருவதற்கு முன்பு.

கொடுப்பதில் தாராளம், எழுதுவதில் கஞ்சத்தனம்

ஆன் டோனெல்லன் என்ற கல்வியாளர் 1984இல் ஒரு கொள்கையை முன்வைத்தார். உறுதியான சான்று இல்லாதபோது, நம் அனுமானம் தவறிப்போனாலும் மாணவருக்கு மிகக் குறைந்த கேடு விளைவிக்கும் அனுமானத்தையே கொள்ள வேண்டும் என்பது அதன் சுருக்கம். ஒரு குழந்தைக்குப் புரியவில்லை என்று நினைத்து அவள் எதிரில் கதை படிக்காமல் விட்டு, உண்மையில் அவளுக்குப் புரிந்திருந்தால் இழப்பு மிகப் பெரிது. புரிகிறது என்று நினைத்துப் படித்து, புரியாமல் இருந்தால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. எனவே படியுங்கள். இதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் இந்தக் கொள்கையை மேற்கோள் காட்டும் பலர், அதைப் பதிவேட்டுக்கும் நீட்டிவிடுகிறார்கள். ‘கதையைப் புரிந்துகொண்டாள்’ என்று எழுதும்போது கணக்கு தலைகீழாகிறது. அந்த வரி தவறாக இருந்தால், அடுத்த ஆண்டு ஆசிரியர் இல்லாத ஒரு படியின்மேல் அடுத்த படியைக் கட்டுவார். குழந்தையின் முன்னால் எதை வைப்பது என்பதில் எவ்வளவு தாராளமாக வேண்டுமானாலும் இருக்கலாம். அவள் என்ன செய்தாள் என்று எழுதும்போது கஞ்சத்தனம் வேண்டும்.

உதவி என்று நாம் செய்வது பதிவேட்டில் எப்படி மறைந்துபோகிறது என்பதைப் பாருங்கள். சட்டைப் பொத்தானைப் போடக் கற்பிக்கும்போது, முதலில் ஆசிரியரின் கை மாணவரின் கைமேல் இருக்கும். பிறகு மணிக்கட்டுக்கு வரும், பிறகு முழங்கைக்கு, பிறகு தோளில் ஒரு தொடுதலுக்கு, கடைசியில் வெறும் பார்வைக்கு. கற்பித்தல் என்பதே அந்தக் கை பின்வாங்கும் பயணம்தான். ஆனால் படிவத்தில் இருப்பது ‘செய்தான்’, ‘செய்யவில்லை’ என்ற இரண்டு கட்டங்கள். முழங்கையைத் தாங்கிக்கொண்டு செய்ததும், தானாகச் செய்ததும் ஒரே கட்டத்தில் விழுகின்றன. போதாக்குறைக்கு, ‘85 சதவீதத் துல்லியத்துடன் கண் தொடர்பு ஏற்படுத்துவான்’ போன்ற இலக்குகள். எதில் 85 சதவீதம் என்று கேட்டால் எழுதியவருக்கே தெரியாது.

காத்திருப்பதும் கற்பித்தலின் ஒரு பகுதி என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர், சாதாரண அறிவியல் வகுப்புகளில் ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோதே பதில்களின் தரம் உயர்ந்தது. தீவிரக் குறைபாடு உள்ள மாணவருக்குக் கேட்டதைப் பிரித்தறிந்து, கைக்குக் கட்டளை அனுப்பி, கை நகர்வதற்கு அதைப்போலப் பல மடங்கு நேரம் பிடிக்கலாம். அந்த நேரத்துக்குள் நாம் கேள்வியை மறுபடி கேட்கிறோம், பொருளை ஆட்டிக் காட்டுகிறோம், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம். ஒவ்வொரு முறையும் அவள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. பார்ப்பவர்களுக்கு ஆசிரியர் சுறுசுறுப்பாக இருப்பதாகவும் குழந்தை மந்தமாக இருப்பதாகவும் தோன்றும். சும்மா உட்கார்ந்து மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருக்கும் ஆசிரியரைப் பார்வையிட வரும் அதிகாரி என்ன நினைப்பார் என்பதும் ஒரு கவலைதான். நான் கேட்ட கவலைகளில் அதுவும் உண்டு.

இங்கிலாந்தில் 2021 முதல், பாடவாரியான படிப்புக்குள் இன்னும் வராத மாணவர்களை மதிப்பிட ‘ஈடுபாட்டு மாதிரி’ ஒன்றைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். தேடிப் பார்த்தல், நிகழ்வதை உணர்தல், எதிர்பார்த்தல், விடாமல் முயலுதல், தானே தொடங்குதல் ஆகிய ஐந்தைக் கவனித்து எழுத வேண்டும், மதிப்பெண் கிடையாது. இதைச் சொன்னதும், அளக்க முடியாததை அளப்பதாகப் பாவனை செய்யும் இன்னொரு காகிதம் என்று ஒரு நண்பர் சிரித்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ‘விளக்கு அணைந்ததும் அது மறுபடி எரியும் என்று எதிர்பார்த்து அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்’ என்ற ஒரு வரி, எந்தச் சதவீதத்தையும்விட அதிகம் சொல்கிறது. அதை எழுதுபவர் உண்மையிலேயே பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேண்டாம் என்பதும் பாடம்

அந்தச் சிறுமிக்குத் திரும்ப வருகிறேன். பொருள்களைப் பக்கவாட்டில் வைக்காமல் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு நெடுநேரம் காத்திருந்து பார்த்தார்கள். பார்வைப் புலத்தில் ஒரு பாதி குறைவாக இருக்கலாம் என்ற ஐயத்தில் கண் மருத்துவரிடம் அனுப்பினார்கள். வளையத்துக்கும் விளக்குக்கும் நடுவில் அவளுக்கு எந்த விருப்பமும் இருப்பதாகத் தெரியவில்லை. இரண்டுமே அவளுக்கு ஒன்றுதான் போலும். ஆனால் காத்திருக்கத் தொடங்கியபின் வேறொன்று தெரியவந்தது. கையில் நுரை தடவி விளையாடும் நேரத்தில், நுரைக் குப்பியைப் பார்த்ததுமே அவள் உதடுகளை இறுக்கி, முகத்தை மெதுவாக, மிக மெதுவாக விலக்கினாள். முன்பெல்லாம் அந்த விலகல் முடிவதற்குள் நுரை கைக்கு வந்துவிடும். ஆகவே அதை யாரும் பார்த்ததில்லை. ஆசிரியை குப்பியை மூடித் தள்ளி வைத்தார். அடுத்தடுத்த நாள்களில் விலகல் விரைவாயிற்று. பிறகு குப்பி இல்லாத இடங்களிலும், சீப்பைக் காட்டும்போதும், கரண்டியைக் காட்டும்போதும் அதே முகத் திருப்பல் வந்தது.

உதவியாளருக்கு இதில் மகிழ்ச்சியில்லை. “முன்பு சமர்த்தாக இருந்தவள் இப்போது எதற்கெடுத்தாலும் முகத்தைத் திருப்புகிறாள்” என்று குறைப்பட்டுக்கொண்டார். ஆசிரியைக்கும் நடைமுறைச் சிக்கல் இருந்தது. மருந்தை வேண்டாம் என்று சொல்ல விடமுடியாது, தலை வாராமல் வீட்டுக்கு அனுப்ப முடியாது. எதில் மறுப்பை ஏற்பது, எதில் முடியாது என்று அவர்கள் தாயோடு உட்கார்ந்து பேசித் தீர்மானிக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்த முகத் திருப்பலுக்கு இடது வலது கிடையாது. யார் முன்னால் நின்றாலும் வந்தது. யாரும் அவள் கையைப் பிடித்துச் செய்ய வைத்ததும் அல்ல. கார், டுரண்ட் என்ற இருவர் 1985இல் காட்டியதுபோல, அடித்தல் கடித்தல் போன்ற நடத்தைகள் பலவும் சொல்ல வேறு வழியில்லாததால் வருபவை. அதே செய்தியைச் சொல்ல ஓர் எளிய வழியைக் கற்பித்தால் அவை குறைகின்றன. வேண்டாம் என்று சொல்லக் கற்பிக்க இன்னொரு காரணமும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகத் துன்புறுத்தலுக்கு ஆளாகிறார்கள் என்பது நன்கு அறியப்பட்ட உண்மை. அவர்களுடைய பள்ளி வாழ்க்கை முழுவதையும், பெரியவர் எதைச் செய்தாலும் அசையாமல் இருக்கக் கற்பிப்பதிலேயே கழிக்கிறோம். அதற்குச் சமர்த்து என்று பெயரும் வைக்கிறோம்.

பயிற்சி வகுப்பில் கேள்வி கேட்ட ஆசிரியைக்கு என்னால் சொல்ல முடிந்திருக்கக்கூடியது இவ்வளவுதான். தனியாக இருந்து இதைத் தெரிந்துகொள்ள முடியாது. நாள் முழுவதும் ஒரு குழந்தையோடு இருப்பவரின் கண்ணுக்கு, விருப்பமும் வேண்டுதலும் சேர்ந்து பல காட்சிகளைக் காட்டும். அது யாருக்கும் நேர்வது. இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து, பொருளை மாற்றி வைக்கும்போது என்ன நடக்கிறது என்று தனியாகக் குறித்து, பிறகு இருவரும் குறிப்புகளை ஒப்பிட வேண்டும். ஒத்துப்போகாத இடத்தில்தான் அடுத்த பாடம் தொடங்கும். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். இரண்டாவது பெரியவரின் அரை மணி நேரம் வேண்டும். பள்ளிகளில் மிகவும் அரிதாகக் கிடைக்கும் பொருள் அதுதான்.

சிறுமியின் ஆசிரியை அந்த அரை மணி நேரத்தை வாரம் ஒருமுறை தரும்படி நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேட்டார். கோரிக்கை மறுக்கப்படவில்லை. கற்பித்தலா, சிகிச்சையா, பராமரிப்பா, எந்தத் தலைப்பில் அந்த நேரத்தைக் கணக்குக் காட்டுவது என்று விளக்கம் கேட்டுத் திரும்பி வந்தது. கற்பித்தல் என்று எழுதி அனுப்பியிருக்கிறார். மாணவருடன் நேரடியாகச் செலவிடும் நேரத்தை மட்டுமே அப்படிக் குறிப்பிட முடியும் என்று மறுபடி திரும்பி வந்திருப்பதாகப் போன வாரம் சொன்னார். மூன்றாவது கடிதத்தை இருவரும் சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.